நடக்க மறுத்த பையன்: ஆட்டிசமும் பத்தியமும் பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

வட சென்னையில் தண்டையார்பேட்டைப் பக்கம் இருக்கும் ஒரு சிறிய தெரபி மையத்தில் நான் ஆக்குபேஷனல் தெரபிஸ்டாக, அதாவது அன்றாடச் செயல்களுக்குப் பயிற்சி தருபவளாக, வேலை பார்க்கிறேன். இது எங்களிடம் வந்த ஒரு பையனைப் பற்றியது. பெற்றோரிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். எழுதி முடித்ததும் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். இரண்டு இடத்தில் திருத்தினார், அந்தத் திருத்தம் இரண்டும் கீழே வரும். ஆள் அடையாளம் தெரியக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். பெற்றோரைக் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. அந்தப் பையனை வாரத்துக்கு நான்கு நாள் பார்த்துக்கொண்டிருந்தவள் நான், அவனுக்கு வந்த நோயைத் தவறவிட்டதில் என் பங்கு சின்னதில்லை.

பின்னணி

எங்களிடம் வந்தபோது அவனுக்கு நாலரை வயது. ஆட்டிசம் என்று மூன்று வயதிலேயே சொல்லிவிட்டார்கள். பத்துப் பதினைந்து வார்த்தை பேசுவான், மற்றபடி வேண்டியதைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் காட்டுவான். வலி எங்கே இருக்கிறது என்று சொல்லத் தெரியாது. அப்பா துறைமுகத்துக்குக் கன்டெய்னர் டிரெய்லர் ஓட்டுகிறவர். எண்ணூர் சாலையில் டிரெய்லர்கள் எப்படி வரிசைகட்டி நிற்கும் என்று இந்தப் பக்கத்து ஆட்களுக்குத் தெரியும். சில வாரம் வீட்டில் அவர் படுப்பது இரண்டு ராத்திரிதான். அம்மா வீட்டிலேயே தையல் மெஷின் போட்டிருக்கிறார். ஆயா, அதாவது பாட்டி, கூடவே இருக்கிறார், அக்கா ஆறாம் வகுப்பு. வீடு மாடியில், படி ஏணி மாதிரி செங்குத்தாக இருக்கும். அந்தப் படியைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

அவன் சாப்பிட்டது மொத்தம் பதினொரு பொருள். ஹார்லிக்ஸ் கலந்த பால், இட்லி, வெறும் சோறு, தயிர் சோறு, பன், மேரி பிஸ்கட், அவித்த முட்டையில் வெள்ளை மட்டும், நெத்திலி வறுவல், அரிசி முறுக்கு, தோல் சீவிய ஆப்பிள், பாக்கெட் மாம்பழ ஜூஸ். வேறு எது தட்டில் விழுந்தாலும் தட்டே பறக்கும். இதில் ஹார்லிக்ஸ் பால் மட்டும் ஒரு நாளைக்கு ஐந்து டம்ளர், கிட்டத்தட்ட ஒரு லிட்டர். சோறு இறங்காத நாளில் அதுவேதான் சாப்பாடு.

இந்தப் பட்டியல் எங்கள் ஃபைலில் இல்லை. எட்டு மாதம் கழித்து மருத்துவமனை வராந்தாவில் உட்கார்ந்து அம்மாவும் நானும் ஒரு பில்லின் பின்பக்கத்தில் எழுதியது. எங்கள் சேர்க்கைப் படிவத்தில் உணவு பற்றி இருந்தது ஒரே கேள்வி, "அலர்ஜி உண்டா?" இல்லை என்று டிக் அடித்திருந்தோம்.

பத்தியம் தொடங்கியது

பையனுக்கு மலச்சிக்கல் கடுமையாக இருந்தது. நான்கு நாளுக்கு ஒரு முறை, அதுவும் அழுதுகொண்டு. இரவுத் தூக்கமும் கிடையாது. ஜூன் மாதம் யாரோ சொல்லி, ஆட்டிசக் குழந்தைகளுக்கு உணவு ஆலோசனை சொல்வதாகச் சொல்லிக்கொண்ட ஒருவரிடம் அம்மா போனில் பேசினார். ஆறு மாதத்துக்கு ஒரு தொகை. அவர் சொன்னது: கோதுமையில் குளூட்டன், பாலில் கேசின் என்று புரதங்கள் இருக்கின்றன, இந்தக் குழந்தைகளின் குடலில் அவை சரியாகச் செரிக்காமல் போதைப்பொருள் மாதிரி ஒன்றாக மாறி மூளைக்குப் போகின்றன, அதனால்தான் பிள்ளை தன் உலகத்திலேயே இருக்கிறான், இரண்டையும் நிறுத்தினால் வெளியே வருவான்.

இதை அவர் சொந்தமாகக் கண்டுபிடிக்கவில்லை. மூளையில் ஓபியாய்டு என்கிற போதைப்பொருள் மாதிரியான பொருள் அதிகமாவதற்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பிருக்கலாம் என்று யாக் பாங்க்செப் 1979-ல் எழுதினார். நார்வேயில் ரெய்கெல்ட் என்பவர் அதைச் சாப்பாட்டோடு சேர்த்து வளர்த்தார். கேட்பதற்குப் பொருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் 2008-ல் பிரிட்டனில் ஆட்டிசச் சிறுவர்களின் சிறுநீரில் அந்தப் பொருட்களைத் தேடிப் பார்த்தார்கள், கிடைக்கவில்லை. உணவை மாற்றிப் பார்த்த சோதனைகளிலும், வீட்டாருக்கும் தெரியாமல் கவனிப்பவருக்கும் தெரியாமல் எந்த வாரம் எந்த உணவு என்பதை மறைத்துச் செய்தவை இருக்கின்றன. 2006-ல் 15 குழந்தைகளை வைத்து ஒன்று, 2016-ல் வெளியான 14 குழந்தைகளின் சோதனை இன்னொன்று. குழந்தைகள் எண்ணிக்கை குறைவுதான், ஒத்துக்கொள்கிறேன், ஆனால் இரண்டிலும் அளந்து பார்த்தவற்றில் வித்தியாசம் வரவில்லை. 2006 சோதனையில் ஒரு விஷயம் எனக்கு மறக்காது: அளவீட்டில் ஒன்றும் தெரியாதபோதும் சில பெற்றோர் பிள்ளை மாறியிருப்பதாகச் சொன்னார்கள். ஆட்டிசத்தின் அடிப்படைக் கூறுகளுக்காக இந்த மாதிரி விலக்கு உணவுகளைப் பயன்படுத்த வேண்டாம் என்று பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல்களை வெளியிடும் நைஸ் அமைப்பு 2013 வழிகாட்டுதலிலேயே சொல்லிவிட்டது.

அம்மாவுக்கு இதெல்லாம் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. நான் முதலில் இங்கே "அம்மா நம்பினார்" என்று எழுதியிருந்தேன். அவர் செய்த முதல் திருத்தம் அதுதான். "நம்பினேன்னு போடாதீங்க மிஸ், பயந்தேன்னு போடுங்க. ஆறு வயசுக்குள்ள செய்யலைன்னா அப்புறம் கதவு மூடிடும்னு சொன்னாங்க." வீட்டில் எதிர்ப்பும் இல்லை. நம் வீடுகளில் நோய் என்றாலே பத்தியம்தான். மஞ்சள் காமாலைக்கு எண்ணெய் கிடையாது, பிள்ளை பெற்றவளுக்குப் பாதிக் காய் கிடையாது. "மருந்து பாதி, பத்தியம் பாதி" என்று ஆயா சொல்லிவிட்டார். அப்பா முதலாளியிடம் முன்பணம் வாங்கிக் கொடுத்தார்.

பாலும் கோதுமையும் நின்றன. அரிசி தின்கிற ஊரில் கோதுமையை நிறுத்துவது பெரிய வேலை இல்லை என்று தோன்றும். ஆனால் பள்ளியில் காலை உணவுத் திட்டத்தில் ரவை உப்புமா, சேமியா எல்லாமே கோதுமை, அதனால் பையனுக்குத் தட்டே வைக்க வேண்டாம் என்று அம்மா டீச்சரிடம் சொல்லிவிட்டார். பன், பிஸ்கட் போயின. ஹார்லிக்ஸில் இரண்டும் உண்டு, அதுவும் போயிற்று. வேடிக்கை என்னவென்றால் இட்லிக்கு ஆயா வைத்த சாம்பாரிலும் ரசத்திலும் பெருங்காயம் இருந்தது, கடையில் விற்கிற கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் மைதாவோ கோதுமை மாவோ கலந்திருக்கும். பையன் சாம்பார் தொடமாட்டான், சரி. ஆனால் இட்லியின் ஓரத்தில் ஒட்டியது உள்ளே போய்க்கொண்டுதான் இருந்தது. அவ்வளவு கஷ்டப்பட்டு நடத்திய பத்தியம் ஒரு நாளும் முழுப் பத்தியமாக இருக்கவில்லை.

அப்புறம், பலன் தெரிந்தது. இதை நான் மறைக்கக் கூடாது. பத்து நாளில் மலச்சிக்கல் போயிற்று. தூங்கினான். தூங்கி எழுந்த பிள்ளை அழாமல் உட்கார்ந்தான், கண்ணைப் பார்த்தான். அம்மா வந்து சொன்னபோது நானும் சந்தோஷப்பட்டேன், எழுதியும் வைத்தேன். தினமும் ஒரு லிட்டர் பால் குடிக்கிற பிள்ளைக்கு வயிறு கட்டுவது சாதாரணம். பாலைப் பாதியாகக் குறைத்திருந்தாலே இது நடந்திருக்கும். அதே ஜூனில்தான் பள்ளி திறந்தது, தெரபியும் வாரம் இரண்டு நாளிலிருந்து நான்கு நாளானது. ஆனால் எல்லாப் புண்ணியமும் பத்தியத்தின் கணக்கில் ஏறிவிட்டது. முதல் பலன் நிஜமாக இருந்ததால்தான் அடுத்த படி சுலபமாக வந்தது.

இரண்டாவது பட்டியல்

ஆகஸ்டில் ஆலோசகர் ஒரு ரத்தப் பரிசோதனை செய்யச் சொன்னார், உணவு ஒவ்வாமைக்கு என்று. பதினான்காயிரம் ரூபாய்க்கு மேல். வந்த ரிப்போர்ட்டில் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று மூன்று நிறக் கட்டங்கள். முட்டை, மாம்பழம், ஆப்பிள், பால், கோதுமை எல்லாம் சிவப்பு.

இந்தப் பரிசோதனை பார்ப்பது ஐஜிஜி என்கிற எதிர்ப்பொருளை. நாம் எதை வழக்கமாகச் சாப்பிடுகிறோமோ அதற்கு உடம்பு ஐஜிஜி உண்டாக்குவது இயல்பு. அது நோயின் அடையாளம் இல்லை. ஒவ்வாமையைக் கண்டுபிடிக்க இதைப் பயன்படுத்தாதீர்கள் என்று ஐரோப்பிய, கனடிய ஒவ்வாமை மருத்துவர் சங்கங்கள் எழுதியே வைத்திருக்கின்றன. இப்போது யோசித்துப் பாருங்கள். பதினொரு பொருள் மட்டும் சாப்பிடுகிற பிள்ளைக்கு இந்தச் சோதனையைச் செய்தால் சிவப்பில் என்ன வரும்? அவன் எதை விரும்பிச் சாப்பிடுகிறானோ அதுதான் வரும். பாகற்காய் பச்சையில் இருந்தது. அவன் வாழ்நாளில் பாகற்காயைப் பார்த்து ஓடியிருக்கிறானே தவிரத் தின்றதில்லை.

செப்டம்பர் முதல் வாரத்தில் முட்டையும் இரண்டு பழ வகைகளும் நின்றன. தட்டில் மிஞ்சியது நான்கு: இட்லி, சோறு, நெத்திலி, முறுக்கு. தனியாக ஒரு வைட்டமின் பவுடர் அனுப்பினார்கள், அவன் வாசனை பார்த்ததோடு சரி. மாம்பழ ஜூஸுக்குப் பதில், ஆப்பிளுக்குப் பதில் என்ன என்று யாரும் கேட்கவில்லை. நானும்தான். இந்த இரண்டாவது பட்டியல் எனக்குத் தெரியும், அம்மா சொல்லியிருந்தார். "பொறுமைசாலி நீங்க" என்று பாராட்டியது ஞாபகம் இருக்கிறது.

நாங்கள் பார்த்ததும் தப்பாகப் படித்ததும்

என் செஷன் குறிப்பிலிருந்து அப்படியே எடுத்துப் போடுகிறேன்.

நவம்பர் 24. சோர்வாக இருக்கிறான், உட்கார்ந்தபடி விளையாடவே விருப்பம்.

டிசம்பர் 11. டிராம்போலினில் ஏற மறுப்பு. தவிர்ப்பு நடத்தை.

டிசம்பர் 19. ஊஞ்சலில் தூக்கி வைக்கும்போது அலறல், என் கையைக் கடித்தான். அடுத்து என்ன என்று காட்டும் படஅட்டை பயன்படுத்த வேண்டும்.

ஜனவரி 6. மாடிப்படியில் தூக்கச் சொல்லி அழுகிறானாம். தூக்கினால் பழகிவிடும், தூக்க வேண்டாம் என்று அம்மாவிடம் சொன்னேன்.

இந்தக் கடைசி வரியை நான் பல தடவை படித்திருக்கிறேன். டிராம்போலின் அவனுக்கு உயிர். மற்ற பிள்ளைகளைத் தள்ளிவிட்டு ஏறுவான். தனக்கு மிகவும் பிடித்த ஒன்றை ஒரு பிள்ளை தவிர்க்கிறான் என்றால் அதற்குப் பெயர் நடத்தை என்று எழுத எனக்கு எப்படி மனது வந்தது? பேச்சு இல்லாத பிள்ளை, ஆட்டிசம் என்ற சீட்டு ஒட்டியிருக்கிறது, அதனால் அவன் செய்வதெல்லாம் ஆட்டிசம். எங்கள் தொழிலில் எல்லோருக்கும் பாடமாகச் சொல்லித் தரப்படும் தவறு இது, நானும் இரண்டு ஜூனியர்களுக்குச் சொல்லித் தந்திருக்கிறேன்.

அம்மா நான் சொன்னதைக் கேட்டார். அவனைப் படியடியில் நிற்க வைத்துவிட்டு, அவனே ஏறட்டும் என்று காத்திருந்திருக்கிறார். அவன் முட்டியைக்கூட ஊன்றாமல், பின்பக்கத்தால் ஒவ்வொரு படியாக நகர்ந்து ஏறியிருக்கிறான். இரண்டு நாள் இப்படி நடந்தது என்று எழுதியிருந்தேன். இரண்டாவது திருத்தம் இங்கேதான். "ரெண்டு நாள் இல்ல மிஸ். மூணு நாள்."

ஜனவரி நடுவில் வலது காலைச் சாய்த்து நடந்தான், பொங்கல் முடிந்த வாரம் நடப்பதையே நிறுத்திவிட்டான். முட்டியை மடக்கித் தவளை மாதிரிப் படுத்தே கிடந்தான், டயப்பர் மாற்றக் காலைத் தொட்டால் கத்தல். பல் தேய்க்க அவன் என்றைக்கும் விட்டதில்லை என்பதால் தலையணையில் ரத்தக் கறையைப் பார்த்தும் யாருக்கும் பெரிதாகத் தோன்றவில்லை. ஆலோசகரிடம் போனில் சொன்னபோது, உடம்பிலிருந்து கழிவு வெளியேறும்போது வலி இருக்கத்தான் செய்யும், இப்போது நிறுத்தினால் பட்ட பாடெல்லாம் வீண் என்று பதில் வந்தது. மேலும் ஒன்பது நாள் போயிற்று. கடைசியில் ஆயாதான் கத்தினார். "இன்னாடி கழிவு? புள்ள நடக்கவே மாட்டேங்குது, தூக்கினு போங்கடி ஆஸ்பத்திரிக்கு!"

மருத்துவமனையில்

முதலில் பக்கத்துக் கிளினிக். வளர்கிற வலி என்று சிரப் கொடுத்தார்கள். அடுத்து ஒரு எலும்பு மருத்துவர். இடுப்பு எக்ஸ்ரே எடுத்தார், அதில் ஒன்றும் இல்லை. ரத்தத்தில் ஹீமோகுளோபின் 8.1 என்றதும் பேச்சு மாறியது. நடக்காத பிள்ளை, ரத்தம் குறைவு, அங்கங்கே கன்றிய தடம். இதைப் பார்க்கும் எந்த மருத்துவருக்கும் ரத்தப் புற்றுநோய் நினைவுக்கு வரும், வரவும் வேண்டும். அரசு மருத்துவமனைக்குப் போகச் சொன்னார்கள். அங்கே சேர்த்து, மயக்கம் கொடுத்து எம்.ஆர்.ஐ எடுக்க நாள் குறித்தார்கள். அப்பா டிரெய்லரை வரிசையிலேயே கிளீனரிடம் விட்டுவிட்டு ஆட்டோ பிடித்து வந்தார்.

அன்று மாலை ரவுண்ட்ஸ் வந்த மேற்படிப்பு மருத்துவர் ஒருவர், சின்னப் பெண், ஆயா காலையும் அம்மா கையையும் பிடித்துக்கொள்ள, டார்ச் அடித்து வாயைத் திறந்து பார்த்தார். ஈறு பல்லை மூடுகிற அளவுக்கு வீங்கி ஊதா நிறத்தில் இருந்தது. காலில் மயிர் முளைக்கும் இடத்தைச் சுற்றி ஊசியால் குத்தின மாதிரிச் சிவப்புப் புள்ளி. அவர் கேட்ட கேள்வி ஒன்றுதான்.

"பழம் கடைசியா எப்ப சாப்பிட்டான்?"

"செப்டம்பர்லயே நிறுத்திட்டோம் மேடம்" என்று அம்மா சொன்னாராம். அதைக் கொஞ்சம் பெருமையாகத்தான் சொன்னேன் என்றார் என்னிடம்.

முட்டியை எக்ஸ்ரே எடுத்தார்கள். எலும்பு மொத்தமாக மங்கித் தெரிய, அதன் முனையில் மட்டும் வெள்ளைக் கோடு பட்டையாக. ஸ்கர்வி. வைட்டமின் சி இல்லாமல் வருகிற நோய், பாய்மரக் கப்பல் காலத்தில் மாலுமிகளைக் கொன்ற நோய்; 1747-ல் ஜேம்ஸ் லிண்ட் என்ற கப்பல் மருத்துவர் ஆரஞ்சும் எலுமிச்சையும் கொடுத்துக் குணமாவதைக் காட்டினார். வைட்டமின் சி இல்லாமல் போனால் உடம்பின் திசுக்களைப் பிணைத்து வைக்கும் கொலாஜன் என்ற புரதம் சரியாக உருவாகாது, சின்ன ரத்தக் குழாய்கள் கசியும், எலும்பைப் போர்த்தியிருக்கும் உறைக்கு அடியில் ரத்தம் கட்டும். அந்த வலியில்தான் அவனை நான் ஊஞ்சலில் தூக்கி வைத்தேன். சேமிப்பு தீர ஒன்றிலிருந்து மூன்று மாதம் ஆகும். அவன் கணக்கு அதோடு பொருந்தியது.

எங்கே போயிற்று அவனுடைய வைட்டமின் சி? அந்தப் பில்லின் பின்பக்கப் பட்டியலை வைத்துக்கொண்டு பார்த்தபோதுதான் எங்களுக்கே உறைத்தது. முதல் பட்டியலில் ஹார்லிக்ஸ் போயிற்று. அது சத்தான பானமா இல்லையா என்ற சண்டை வேறு, ஆனால் அதில் வைட்டமின் சி, டி, இரும்பு எல்லாம் சேர்த்திருக்கிறார்கள், காய் தொடாத இந்தப் பிள்ளைக்கு அதுதான் காய். இரண்டாவது பட்டியலில் மிச்சமிருந்த ஜூஸும் ஆப்பிளும் போயின. இட்லியிலும் சோற்றிலும் மீனிலும் முறுக்கிலும் வைட்டமின் சி தேடினால் கிடைக்காது. வைட்டமின் டியும் குறைவாகத்தான் இருந்தது. ஆனால் பால் நின்று எட்டு மாதமாகியும் ரத்தத்தில் கால்சியம் தாங்கியிருந்தது, நெத்திலியை முள்ளோடு தின்றதுதான் காப்பாற்றியிருக்கும் என்றார் டாக்டர். பாலை நிறுத்திய பிள்ளைகளின் எலும்பு பற்றி அமெரிக்காவில் 4 முதல் 8 வயது வரையான 75 ஆட்டிசச் சிறுவர்களின் கை எக்ஸ்ரேயை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று 2008-ல் வந்தது. கேசின் இல்லாத உணவில் இருந்தவர்களுக்கு எலும்பின் கனம் மற்றவர்களைவிடக் குறைவு. இவனுக்கு மீன் துறைமுகமான காசிமேடு பக்கத்தில் இருந்தது.

வார்டில் அக்கா தன் அறிவியல் புத்தகத்தை எடுத்துக் காட்டினாள். வைட்டமின்களின் அட்டவணை. சி என்ற வரிசையில் ஸ்கர்வி, ஈறுகளில் ரத்தக் கசிவு. போன மாதப் பரிட்சையில் வந்ததாம்.

எடுத்த முடிவுகள்

ரத்தத்தில் வைட்டமின் சி அளவு பார்க்க மாதிரி எடுத்தார்கள், ஆனால் முடிவுக்குக் காத்திருக்காமல் அன்றைக்கே மாத்திரை தொடங்கினார்கள், எம்.ஆர்.ஐ-யைத் தள்ளிவைத்தார்கள். ஸ்கர்வி என்றால் சில நாளிலேயே பதில் தெரியும், தெரியாவிட்டால் வேறு தேடலாம் என்பது அவர்கள் கணக்கு. ரிப்போர்ட் ஒன்பது நாள் கழித்து வந்தது, மிகக் குறைவு என்று. அதற்குள் பையன் காலை நீட்டிப் படுத்துவிட்டான்.

மாத்திரையை உள்ளே அனுப்புவதில்தான் சிக்கல். சொட்டு மருந்தைத் துப்பினான். ஆரஞ்சு நிறச் சப்பும் மாத்திரையை மிட்டாய் என்று நினைத்து நக்கினான், இரண்டாம் நாள் தானே கேட்டான். அம்மா தயங்கினார்: அதில் சர்க்கரையும் நிறமும் இருக்கிறதே, இரண்டும் விலக்கு ஆயிற்றே. அந்த நிலைமையிலும் அவருக்கு அது தோன்றியது என்பதை நான் கேலியாகச் சொல்லவில்லை. எட்டு மாதம் ஒவ்வொரு பாக்கெட்டின் பின்பக்கத்தையும் படித்தவர்.

அடுத்த கேள்வி, பத்தியத்தை எப்படி உடைப்பது. டயட்டீஷியன் எல்லாவற்றையும் உடனே கொடுங்கள் என்றார், மருத்துவத்தில் அது சரி. நான் வாரத்துக்கு ஒன்று என்று கேட்டேன். காரணம் அம்மா. மொத்தமாகக் கொடுத்து, நடுவில் பிள்ளை ஒரு ராத்திரி தூங்காமல் போனால் மறுபடி ஏதோ ஒன்றின் மேல் பழி விழும், மறுபடி பத்தியம் வரும். உயிருக்கு வேண்டியது மாத்திரையில் போய்க்கொண்டிருந்ததால் மெதுவாகப் போக இடம் இருந்தது. முட்டை, பழம், தயிர், கடைசியில் கோதுமை என்று வரிசை வைத்தோம். பால் திரும்ப வந்தாலும் பாலும் தயிரும் சேர்த்து நாளைக்கு அரை லிட்டருக்கு மேல் வேண்டாம் என்றும் முடிவானது. மலச்சிக்கலுக்கும், ரத்தக் குறைவுக்கும் அது உதவும். இரும்புச் சத்து சிரப்பும் வைட்டமின் டியும் தனியாக.

இன்னொன்றும் செய்தோம், எனக்குப் பிடித்த பகுதி இது. பள்ளி டீச்சரிடம் தினமும் மூன்று விஷயத்தைக் குறிக்கச் சொன்னோம்: எத்தனை நிமிடம் உட்கார்ந்தான், எத்தனை முறை அழுதான், பெயர் சொன்னால் திரும்பினானா. எந்த வாரம் எந்த உணவு சேர்கிறது என்று அவருக்குச் சொல்லவில்லை. பன்னை அம்மா வீட்டிலேயே சாயங்காலம் கொடுத்தார். பத்து வாரம். ஒரு பிள்ளையை வைத்து ஆராய்ச்சி ஆகாது, ஆனால் அம்மா தன் கையால் அந்தத் தாள்களை அடுக்கிப் பார்க்கட்டும் என்று நினைத்தேன். பன் திரும்பிய வாரத்தை அந்தத் தாள்களில் அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை.

கோதுமை தினமும் சாப்பிட்டு எட்டு வாரமான பிறகு சீலியாக் நோய்க்கான ரத்தப் பரிசோதனை எடுத்தார்கள். குளூட்டனால் குடல் உண்மையாகவே கெடுகிற நோய் அது, தென்னிந்தியாவில் வடக்கைவிட மிகக் குறைவு, ஆனால் இருக்கிறது. கோதுமையை நிறுத்திவிட்டுப் பரிசோதித்தால் தெரியாமல் போகும்; பத்தியம் தொடங்கும் முன்பே எடுத்திருக்க வேண்டிய சோதனை. இல்லை என்று வந்தது.

பிறகு

மூன்றாம் நாள் வலி குறைந்தது. ஒரு வாரத்தில் ஈறு சுருங்கியது. இருபத்து நான்காம் நாள் வீட்டுச் சுவரைப் பிடித்து நடந்தான். ஆறாவது வாரம் படி ஏறினான். நானே அம்மாவிடம், கேட்டால் தூக்குங்கள் என்று சொன்னேன். மூன்று மாதத்தில் ஹீமோகுளோபின் 11-ஐத் தாண்டியது.

உணவுதான் லேசில் திரும்பவில்லை. இது நான் எதிர்பார்க்காதது. முட்டை ஒரு வாரத்தில் வந்தது, பன் முதல் நாளே. ஆனால் ஆப்பிளைப் பார்த்தால் இப்போது ஓடுகிறான். ஹார்லிக்ஸ் டம்ளரைத் தள்ளிவிட்டான், ஆயா பழைய டம்ளரிலேயே கொடுத்துப் பார்த்தார், இல்லை. இந்தப் பிள்ளைகளிடம் ஒரு உணவு சில மாதம் கண்ணில் படாமல் போனால் அது தெரியாத உணவாகிவிடுகிறது. நிறுத்துவது நம் கையில் இருந்தது, திரும்பக் கொடுப்பது அவன் கையில்.

அதனால் அவனுக்குப் பிடித்ததிலிருந்து கிளம்பினோம். முறுக்கு பிடிக்கும்: கறுக் கறுக் என்ற சத்தம், உப்பு. பள்ளி வாசலில் தள்ளுவண்டியில் உப்பு மிளகாய்த்தூள் போட்டு விற்பார்களே, பழுக்காத கொய்யா, அதை மிளகாய் இல்லாமல் முறுக்குக் கனத்துக்கு நறுக்கி, உப்புத் தொட்டு, முறுக்குத் தட்டின் ஓரத்தில் வைத்தோம். பதினாறு நாள் தொடவில்லை. பதினேழாம் நாள் நக்கினான். இப்போது நாளைக்கு நான்கைந்து துண்டு. கொய்யாவில் 100 கிராமுக்கு 200 மில்லிகிராமுக்கு மேல் வைட்டமின் சி, அவன் வயதுக்கு இரண்டு மூன்று துண்டே தாராளம். மாத்திரையை டாக்டர் நிறுத்திவிட்டார்.

ஆலோசகரிடம் மீதிப் பணம் கேட்டு அப்பா இரண்டு தடவை போன் செய்தார். அப்புறம் விட்டுவிட்டார்.

இப்போது மாற்றியிருப்பது

எங்கள் படிவத்தில் அலர்ஜிக் கேள்விக்குக் கீழே ஒரு முழுப் பக்கம் சேர்த்திருக்கிறோம். பிள்ளை சாப்பிடுகிற எல்லாவற்றையும் பெயர் பெயராக எழுத வேண்டும், மூன்று மாதத்துக்கு ஒரு முறை மறுபடி எழுத வேண்டும். பதினைந்துக்குக் கீழே இருந்தால், அல்லது பழம், காய் இரண்டுமே இல்லை என்றால், குழந்தை மருத்துவருக்குக் கடிதம் போகும். பத்தியம் என்று யாராவது வந்து சொன்னால் இப்போது வாதாடுவதில்லை. எதை எடுக்கப் போகிறீர்கள், அது அவனுக்கு என்ன கொடுத்துக்கொண்டிருந்தது, அதன் இடத்தில் எதை அவன் நிஜமாகவே தின்கிறான், தின்பான் என்று இல்லை, தின்கிறான் என்று கேட்கிறோம். மூன்றாவதுக்குப் பதில் கிடைக்கும்வரை எடுக்க வேண்டாம் என்கிறோம். சிலர் கேட்கிறார்கள். ஒரு அம்மா வேறு மையத்துக்குப் போய்விட்டார்.

செஷன் குறிப்பில் "தவிர்ப்பு நடத்தை" என்று எழுதுவதற்கு முன்னால் வலி உண்டா என்று பார்த்ததாக ஒரு கையெழுத்து வேண்டும். வாயைத் திறந்து பார்ப்பது உட்பட. ஜூனியர்கள் முனகுகிறார்கள், கடி வாங்குவது அவர்கள்தானே.

பையனுக்கு இப்போது ஆறரை வயது. ஆட்டிசம் அப்படியேதான் இருக்கிறது, வார்த்தை நாற்பதைத் தாண்டியிருக்கிறது, டிராம்போலினில் மற்றவர்களைத் தள்ளிவிட்டு ஏறுகிறான். போன வாரம் அம்மா எழுதிக் கொடுத்த பட்டியலில் ஒன்பது பொருள். ஹார்லிக்ஸ் இன்னும் அதில் இல்லை.